கேஸ் தீர்ந்து போகாது, சார்

மே மாதம் பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "அண்ணா, கார்ல கூலிங் கம்மியா இருக்கு. கேஸ் போடணும். எவ்ளோ ஆவும்?" வியாதியையும் மருந்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். எனக்கு மிச்சம் வைப்பது பில் போடுகிற வேலையை மட்டும்.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "எப்போ கம்மியா இருக்கு?"

"எப்பவுமேதான்."

"யோசிச்சுச் சொல்லுங்க. வண்டி ஓடும்போதா, நிக்கும்போதா? காலையிலயா, மத்தியானமா? போட்ட உடனேவா, அரை மணி நேரம் கழிச்சா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. இந்த ஆளுக்கு வேலை தெரியாது போலிருக்கிறது என்று சிலர் வைத்துவிடுவார்கள். யோசித்துப் பதில் சொல்கிறவர்களின் வண்டியில் பாதி வேலை போனிலேயே முடிந்துவிடும்.

வேலூர் சத்துவாச்சாரியில் சர்வீஸ் ரோட்டை ஒட்டி என் பட்டறை. கார் ஏ.சி.யும் ரேடியேட்டரும் மட்டும்தான் பார்க்கிறேன், 27 வருஷமாக. எங்கள் ஊரை வெயிலூர் என்று மற்ற ஊர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். கத்திரி நாட்களில் 40 டிகிரிக்கு மேல் போவது இங்கே செய்தியே அல்ல. பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது, மலைகளெல்லாம் மொட்டைப் பாறை; ராத்திரி ஒன்பது மணிக்கும் சுவர் சுடும். இந்த வெயிலை நான் திட்ட முடியாது, சோறு போடுகிறது.

முதலில் இந்த கேஸ் கதையை முடித்துவிடுகிறேன். ஏ.சி.யில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. ஒரே கேஸ்தான் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பத்து வருஷமானாலும் யாரும் கேஸ் போடுவதில்லையே? காரில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. ஃபிரிட்ஜின் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்புக் குடத்துக்குள் வைத்து அடைக்கப்பட்டிருக்கும். காரின் கம்ப்ரஸரை இன்ஜின்தான் பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. சுற்றுகிற தண்டு வெளியே வருகிற இடத்தில் ஒரு சீல், ஆடுகிற இன்ஜினுக்கு ஈடுகொடுக்க ரப்பர் ஹோஸ், இணைப்புகளில் ஓ-ரிங். இவற்றின் வழியே சில வருஷங்களில் கொஞ்சம் கசிவது இயற்கை. ஆனால் வருஷா வருஷம் கேஸ் போடுகிறீர்கள் என்றால், எங்கோ ஓட்டை இருக்கிறது; அந்த ஓட்டைக்குத்தான் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸ் ஸ்பிரிட்டைத் தடவினால் அந்த இடம் ஜில்லென்று இருக்கிறதே, ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. இன்று ஓடுகிற பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள கூலிங் காயிலுக்குள் அது ஆவியாகும்போது உங்கள் காரின் காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தி, சூடேற்றி, வண்டியின் முன்பக்கம் இருக்கும் கண்டன்ஸருக்குத் தள்ளுகிறது. அங்கே காற்று பட்டு சூடு வெளியே போய்விடுகிறது, கேஸ் திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வு என்ற சின்னத் துளை வழியாகப் பீய்ச்சியடித்து மறுபடியும் கூலிங் காயிலுக்கு. இவ்வளவுதான் சமாச்சாரம்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள். கண்டன்ஸர் முன்னால் நிற்கிறது, அதன் முதுகுக்குப் பின்னால் இன்ஜினின் ரேடியேட்டர். இரண்டுக்கும் ஒரே மூக்கு. கண்டன்ஸர் கொட்டிய சூட்டைத்தான் ரேடியேட்டர் வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் ஏ.சி. கோளாறு என்று வருகிற வண்டியில் நான் இன்ஜினையும், இன்ஜின் சூடாகிறது என்று வருகிற வண்டியில் ஏ.சி.யையும் சேர்த்தே பார்க்கிறேன்.

இரண்டு கோடைக்கு முன்னால் ஆம்பூரிலிருந்து ஒரு பாய் வந்தார். ஷூ கம்பெனிகளுக்குச் சாமான் சப்ளை செய்கிறவர், வாரத்தில் நான்கு நாள் வேலூருக்கும் ராணிப்பேட்டைக்கும் அலைச்சல். அந்தக் கோடையில் மட்டும் மூன்று முறை, மூன்று இடத்தில் கேஸ் போட்டிருந்தார். போட்ட இரண்டாம் நாளே பழைய கதை. வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "ஹைவேல வரும்போது ஐஸ் மாதிரி வருதுங்க. கிரீன் சர்க்கிள் சிக்னல்ல நின்னா போதும், ஊதுறது பூரா சூடு" என்றார்.

வண்டி ஓடும்போது காற்று தானாகவே முகத்தில் அடிக்கும். நிற்கும்போது அந்த வேலையை ரேடியேட்டர் ஃபேன்தான் செய்ய வேண்டும். ஆகவே சந்தேகம் ஃபேன் மேல். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்: இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட்டால் கொஞ்ச நேரத்துக்குள் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்க வேண்டும். பாயின் வண்டியில் சுற்றியது, நல்ல வேகமாகவே. அப்புறம் நான் ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து முன் கிரில்லில் வைத்தேன். ஃபேன் சரியாக இழுத்தால் தாள் அப்படியே ஒட்டிக்கொள்ளும். இங்கே அது நழுவிக் கீழே விழுந்தது.

பம்பரைக் கழற்றிப் பார்த்தால், கண்டன்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் விரல் அகல இடைவெளியில் தூசியும் பஞ்சும் செத்த பூச்சியுமாக ஒரு படலம். உரித்து எடுத்தால் கால்மிதி மாதிரி ஒரே துண்டாக வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கண்டன்ஸர் பளபளவென்றுதான் இருந்தது. வாட்டர் சர்வீஸில் முன்பக்கம் மட்டும் தண்ணீர் அடிப்பார்கள், அழுக்கெல்லாம் பின்னால் போய்ச் சேர்ந்துவிடும். (அந்த பிரஷர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்து அடித்தால் அலுமினிய இதழ்கள் மடங்கிப்போய் வழியே அடைந்துவிடும். தள்ளி நின்று, முடிந்தால் பின்பக்கத்திலிருந்து, மெதுவாக.)

கதை இன்னும் முடியவில்லை. பானெட்டுக்குள் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அந்த வண்டிக்கு எத்தனை கிராம் கேஸ் என்று எழுதி. சின்னக் கார்களுக்கு 350 முதல் 500 கிராம் வரை இருக்கும். பாயின் ஸ்டிக்கர் 450 என்றது. உள்ளே இருந்ததை மெஷினில் இழுத்து எடை போட்டால் 700 கிராமை ஒட்டி நின்றது. மூன்று இடத்திலும், கூலிங் இல்லையென்று இருப்பதன் மேலேயே ஏற்றியிருக்கிறார்கள். கேஸ் கூடினாலும் கூலிங் குறையும். கண்டன்ஸரில் திரவம் தேங்கி அழுத்தம் எகிறும், பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். நான் கேஸைக் குறைத்துவிட்டுக் காசு வாங்கினேன். பாய்க்கு அதை ஜீரணிக்கக் கொஞ்ச நாளானது. "இருந்த கேஸையும் எடுத்துட்டு பில்லு குடுத்தான் ஒருத்தன்" என்று ஆம்பூர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். அதில் எனக்கு ஐந்தாறு வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள்.

கேஸ் போடுகிற இடத்தில் மூன்றைக் கவனியுங்கள். கசிவு எங்கே என்று தேடினார்களா? பழைய கேஸை எடுத்த பிறகு வாக்குவம் பம்ப் போட்டுக் குறைந்தது இருபது முப்பது நிமிஷம் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சினார்களா? புதுக் கேஸை எடை போட்டு ஏற்றினார்களா? பத்து நிமிஷத்தில் டீ குடிப்பதற்குள் முடித்துக்கொடுத்தால், அவர்கள் செய்தது காற்றடிக்கிற வேலை. மலிவாகக் கிடைக்கிறது என்று கலப்படக் கேஸ் சிலிண்டரும் மார்க்கெட்டில் சுற்றுகிறது. எரியக்கூடிய சமாச்சாரம் கலந்திருந்தால், டேஷ்போர்டுக்குள் கசிந்தால் என்னவாகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இன்ஜின் சூட்டை நான் படித்தது அப்பாவிடம். அவர் லாரி ரேடியேட்டர் பற்றவைக்கிறவர். அப்போதெல்லாம் செம்பும் பித்தளையும். கரி அடுப்பு, ஈயம், நவச்சாரப் புகை. ஓட்டை எங்கே என்று பார்க்க ரேடியேட்டரின் வாயையெல்லாம் அடைத்து, தொட்டித் தண்ணீரில் அமுக்கி, காற்று விடுவார். முட்டை வருகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. இப்போது வருவது அலுமினியமும் பிளாஸ்டிக் டேங்கும், பற்றவைக்க ஒன்றும் இல்லை, மாற்ற வேண்டியதுதான்.

அப்பாவின் வலது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வேறு நிறத்தில் இருக்கும். ஒரு அம்பாசடரின் ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்ததில் வந்தது. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. வேலை கற்றுக்கொண்ட முதல் நாள் அந்தக் கையைத்தான் எனக்குக் காட்டினார்.

மூடியில் அப்படி என்ன இருக்கிறது? சாதாரண மூடி என்று நினைக்காதீர்கள், அது குக்கர் வெயிட். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது சென்னை மாதிரி கடல் மட்டத்துக் கணக்கு. ஏலகிரி உயரத்தில் ஏறக்குறைய 96 டிகிரியில் கொதித்துவிடும், ஊட்டியில் 93க்கே. இன்ஜினோ 90 டிகிரி பக்கத்தில்தான் ஒழுங்காக ஓடும். மேடு ஏறும்போது அதற்கும் மேலே போகும். மூடியின் ஸ்பிரிங் உள்ளே ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால்தான், 120 டிகிரி வரைக்கும் உள்ளே கொதிக்காமல் இருக்கிறது. சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் போன அந்த நொடியில் மொத்தமும் ஒரே சமயத்தில் கொதித்துப் பீறிடும். வெயிட் போடாத குக்கரில் பருப்பு வேகாத மாதிரி, மூடியின் ரப்பர் போன வண்டி மலையேறாது. சில நூறு ரூபாய் மூடிக்காக ரேடியேட்டரையே மாற்றிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏலகிரி எங்களுக்குப் பக்கம். பொன்னேரியில் திரும்பினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயரையெல்லாம் வளைவுகளுக்கு வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு அங்கிருந்து போன் வருவது நிச்சயம். "அண்ணா, முள்ளு மேல போய்ட்டே இருக்கு. கம்பர்கிட்ட நிக்கிறோம்!"

நான் சொல்வது: "ஏ.சி.ய ஆஃப் பண்ணுங்க. ஹீட்டரை ஃபுல்லா வைங்க, ப்ளோயர் நாலுல. ஜன்னலெல்லாம் இறக்கிடுங்க."

அந்த வெயிலில் ஹீட்டரா என்று ஒருவர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியே இருக்கிறார். ஆனால் ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினின் சுடுதண்ணீர்தான் அதற்குள்ளும் ஓடுகிறது. அதைத் திறந்துவிட்டால் இன்ஜின் சூட்டின் ஒரு பங்கை உங்கள் முட்டிக்கால் வாங்கிக்கொள்ளும். முள் இறங்க ஆரம்பித்தால் மெதுவாக, சின்ன கியரில், ஓரம் வரை போய்விடலாம். இறங்காமல் சிவப்பைத் தொட்டாலோ, ஆவி வந்தாலோ, யோசிக்காமல் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். பானெட்டைத் திறந்துவிட்டு மரத்தடியில் உட்காருங்கள். முக்கால் மணி நேரம் ஆகட்டும். மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கிற சூடு வந்த பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும், அதுவும் தடிமனான துணியைப் போட்டு. கொதிக்கிற இன்ஜின் மேல் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் குளிப்பாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் ஹெட் பெண்டானால், இல்லை விரிசல் விட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமையின் செலவு முப்பது நாற்பதாயிரத்தில் போய் நிற்கும்.

இன்னொன்று. முள் மேலே போய், பிறகு திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் முழுக்கப் போய்விட்டால், சூட்டை அளக்கிற சென்சார் வெறும் ஆவியில் தொங்கும். அது சரியாகக் காட்டாது. முள் நல்ல பிள்ளையாக நிற்க, உள்ளே இன்ஜின் சீஸ் ஆகிக்கொண்டிருக்கும்.

இங்கேயும் கேள்வி அதேதான்: எப்போது சூடாகிறது? சிக்னலில் மட்டும் என்றால் ஃபேன், அதன் ஃபியூஸ், ரிலே. ஹைவேயில் வேகமாகப் போகும்போது என்றால் ஃபேன் மேல் பழி போடாதீர்கள். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது, அல்லது கூலண்ட் குறைவு, அல்லது வாட்டர் பாடி (தண்ணீர் பம்ப்) போய்விட்டது. ஸ்டார்ட் செய்த ஐந்து பத்து நிமிஷத்திலேயே முள் ஏறினால் தெர்மோஸ்டாட். அதற்கு அப்பா சொல்லிக்கொடுத்த சோதனை ரொம்பச் சுலபம். ரேடியேட்டருக்கு மேலே ஒரு ஹோஸ், கீழே ஒரு ஹோஸ். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு நிறுத்திவிட்டு, இரண்டையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பார்த்தால், மேலே கொதிக்க, கீழே பச்சைத் தண்ணீராக இருந்தால், தெர்மோஸ்டாட்டின் கதவு திறக்கவில்லை என்று அர்த்தம். தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு மெழுகுக் குப்பி இருக்கிறது. 82 டிகிரிக்கு மேல் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். ஒரு கம்பி இல்லை, கரண்ட் இல்லை. என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் அது.

அதைத்தான் எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் பாதிப்பேர் கழற்றி வீசுகிறார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு?" சண்டை போட்டு அலுத்துவிட்டேன். கழற்றினால் இன்ஜின் எப்போதும் அரைச் சூட்டிலேயே ஓடும். இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாக ஊற்றும், மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். காய்ச்சல் தெரியக்கூடாது என்று தெர்மாமீட்டரை உடைக்கிற வைத்தியம்.

அடுத்த பாவம், போர் தண்ணீர். எங்கள் ஊர் போர் தண்ணீரில் பக்கெட் ஓரமெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். அதே உப்பு ரேடியேட்டரின் ஊசித் துவாரங்களில் படிந்தால் என்ன ஆகும்? கூலண்டும் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறம் வெறும் சாயம். வண்டியின் புத்தகத்தில் என்ன வகை சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். கூலண்ட் வாங்கக் காசு கணக்குப் பார்க்கிறவர்தான் மியூசிக் சிஸ்டத்துக்கு இருபதாயிரம் போட்டிருப்பார்.

கூலண்ட் குறைந்துகொண்டே வருகிறது, கீழே ஒரு சொட்டும் இல்லை என்றால் மட்டும் எனக்குக் கவலை வரும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் வருகிறதா, சைலன்ஸரில் விடாமல் வெள்ளைப் புகையா, ரேடியேட்டரில் குமிழி விடுகிறதா என்று பார்ப்பேன். இவற்றில் ஏதாவது இருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். வண்டிக்குள் இனிப்பாக ஒரு வாசனை, கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு, முன் சீட்டுக் கால்மிதியில் ஈரம் என்றால் ஹீட்டர் காயில் கசிகிறது. அந்த இனிப்பு எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம். தரையில் கொட்டினால் கழுவிவிடுங்கள். நாய்கள் நக்கிவிட்டுச் செத்துப்போகும்.

என்னுடைய தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ரிட்டயர்டு தலைமை ஆசிரியர். அவர் காரில் ஏ.சி. சில சமயம் வரும், சில சமயம் வராது. கம்ப்ரஸரின் முன்பக்கம் ஒரு காந்தக் கிளட்ச் இருக்கிறது, ஏ.சி. போட்டால் 'டக்' என்று ஒட்டிக்கொண்டு சுற்றும். அவர் வந்த நேரம் அது ஒட்டவில்லை. நான் அனுபவஸ்தன் அல்லவா, பார்த்த மாத்திரத்தில் கம்ப்ரஸர் போச்சு என்று சொல்லிப் புதிதாக மாற்றினேன். நான்காம் நாள் திரும்பி வந்தார். அதே நோய். அப்புறம் ஒரு முழு நாள் உட்கார்ந்து தேடியதில், ஃபெண்டருக்கு அடியில் ஒரு எர்த் ஒயர் பச்சை பூத்துப் போயிருந்தது. சுரண்டி முறுக்கினேன், ஐந்து நிமிஷம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் வாங்கிக்கொண்டு சொன்னார்: "விடை தப்பானா பரவாயில்லப்பா. ஸ்டெப் போட்டிருந்தா பாதி மார்க்காவது குடுத்திருப்பேன்."

அன்றிலிருந்து என் மேஜையில் ஒரு கோடு போட்ட நோட்டு. வண்டி எண், எப்போது கோளாறு வருகிறது, ப்ளோயர் காற்றின் சூடு எவ்வளவு, கிளட்ச் ஒட்டுகிறதா, கரண்ட் வருகிறதா, இரண்டு பக்கத்து பிரஷர் என்ன என்று வரிசையாக எழுதிய பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவேன். நடு வென்டில் ஒரு தெர்மாமீட்டரைச் சொருகி, பத்து நிமிஷத்தில் 8 முதல் 12 டிகிரிக்குள் வந்தால் எங்கள் ஊர் வெயிலுக்கு அது நல்ல ஏ.சி. அதன் பிறகும் கூலிங் போதவில்லை என்றால் கோளாறு வேறு. வெளிக்காற்று வருகிற பட்டனைத் திறந்து வைத்துக்கொண்டு 42 டிகிரிக் காற்றைக் குளிர்விக்கப் பார்ப்பார்கள். வெயிலில் நின்ற காரில் ஏறினால் முதலில் ஜன்னலை இறக்கி ஒரு நிமிஷம் ஓட்டுங்கள், அந்த அடுப்புக் காற்று வெளியே போகட்டும். பிறகு ஏற்றிவிட்டு உள்காற்றுக்கு மாற்றுங்கள். அரை மணி நேரத்தில் மூடிய காரின் உள்சூடு வெளியே இருப்பதைவிட 15 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். ஒரு நிமிஷ வேலைதானே என்று குழந்தையை உள்ளே விட்டுப் போகாதீர்கள்.

சில்லறைச் சந்தேகங்கள் நிறைய வரும். வண்டிக்கடியில் தண்ணீர் சொட்டுகிறது என்று பயந்து வருவார்கள்: சொட்ட வேண்டும், காற்றின் ஈரம் அது. சொட்டாமல் காலடியில் ஈரமானால் டிரெய்ன் குழாய் அடைத்திருக்கிறது. ப்ளோயர் நாலில் மட்டும் ஓடி ஒன்று, இரண்டு, மூன்றில் ஓடாவிட்டால் ரெசிஸ்டர் என்ற சின்னச் சாமான். டேஷ்போர்டுக்குள் டிக்டிக்கென்று பல்லி கத்தினால், சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கிற கதவின் மோட்டாரில் பல் உடைந்திருக்கும். ஈரத் துணி நாற்றம் என்றால் கூலிங் காயிலில் பூஞ்சை. வீடு சேர மூன்று நிமிஷம் இருக்கும்போது ஏ.சி.யை நிறுத்திவிட்டு ப்ளோயரை மட்டும் ஓடவிட்டால் காயில் காய்ந்துவிடும். காற்றே கம்மி என்றால் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். ஒரு வண்டியில் எலி வேர்க்கடலைத் தோலையெல்லாம் அங்கே சேர்த்து வைத்திருந்தது.

மழையில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து மங்கினால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். ஏ.சி.யைப் போட்டு, சூட்டையும் கொஞ்சம் கூட்டி, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்றைத் திறந்துவிடுங்கள். கூலிங் காயில் காற்றின் ஈரத்தைப் பிழிந்துவிடும், சூடு கண்ணாடியைக் காய வைக்கும். ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு குளிரிலும் ஏ.சி. பட்டன் எதிரி இல்லை என்பதைப் புரிய வைப்பது பெரும்பாடு.

நான் தொழிலுக்கு வந்தபோது ஆர்-12 என்ற கேஸ் இருந்தது. ஓசோன் படலத்தை அது ஓட்டை போடுகிறது என்று 1987ல் மான்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டு, மெல்ல மெல்ல ஒழித்துக்கட்டின. அடுத்து வந்த 134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 1,400 மடங்குக்கு மேல். அதையும் படிப்படியாகக் குறைக்க 2016ல் ருவாண்டாவின் கிகாலியில் முடிவெடுத்தார்கள். கேஸ் போடும்போது மிச்சத்தைப் புஸ்ஸென்று ஆகாயத்தில் விடுகிற பழக்கம் எங்கள் தொழிலில் இன்னும் இருக்கிறது. நானும் விட்டவன்தான், பல வருஷம்.

இப்போது பேட்டரி கார்களும் வருகின்றன. அதில் இன்ஜின் இல்லாததால் சூடே இருக்காது என்று நினைத்தேன். தப்பு. பல மாடல்களில் பேட்டரிக்கே கூலண்ட் ஓடுகிறது, அந்தக் கூலண்டைக் குளிர்விப்பதும் ஏ.சி. கேஸ்தான். கேஸ் கசிந்தால் உங்களுக்கு மட்டும் புழுங்காது. ஃபாஸ்ட் சார்ஜ் போடும்போது பேட்டரியும் புழுங்கி, சார்ஜ் ஏறும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹீட்டருக்கோ ஓசிச் சுடுதண்ணீர் கிடையாது, அதற்கும் பேட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

லாரிக்காரர்கள் என் பட்டறைக்கு வருவது சமீபத்தில்தான். 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளை 2025 அக்டோபர் 1 முதல் தயாரித்தால் கேபினில் ஏ.சி. இருந்தே ஆக வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. போன மே மாதம் ஒரு ராத்திரி, கடையைச் சாத்துகிற நேரம், நாமக்கல் பதிவெண் போட்ட புது லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். பழைய லாரியில் சீட்டுக்குப் பக்கத்திலேயே இன்ஜின் மூடி தோசைக்கல் மாதிரி கொதிக்க, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு முப்பது வருஷம் ஓட்டியவர்.

"கூலிங் வர்ல தம்பி. கேஸ் போடணும்போல."

"எப்போண்ணே வர்ல?"

"ஓட்டும்போது நல்லாத்தான் வருது. ராத்திரி படுத்தா பத்து நிமிஷத்துல சூடா ஊதுது."

"படுக்கும்போது இன்ஜின் ஓடுதா?"

"அதெப்படி ஓட விடறது? டீசல் ஓனர் கணக்காச்சே."

கம்ப்ரஸரை இன்ஜின்தான் சுற்றுகிறது, இன்ஜின் நின்றால் வெறும் ஃபேன்தான் என்று சொன்னேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "முப்பது வருஷம் கழிச்சு ஏ.சி. குடுத்தாங்க, அதுவும் தூங்குற நேரத்துல கிடையாதா?" இன்ஜினை ஓடவிட்டு, மூடிய கேபினில் தூங்குவது மட்டும் வேண்டாம்ணே, புகை உள்ளே வந்தால் எழுந்திருக்க மாட்டீர்கள் என்று எச்சரித்தேன். தலையாட்டினார். நான் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, கேபினின் இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்து, கொசுவுக்கு ஒரு லுங்கியைக் குறுக்கே கட்டி, தண்ணீர் பாட்டிலால் துண்டை நனைத்துக்கொண்டிருந்தார்.